ஓய்வு பெறும் உள்ளூர்த் தொலைக்காட்சி செய்தி வாசிப்பாளருக்குக் குடியரசு தின விழாவில் நற்சான்றிதழ் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
குன்னூர் வட்டப் பொதுமக்கள்
(பெயர், முகவரி, கையெழுத்துகள் இணைப்பில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: உள்ளூர் கேபிள் சேனல் செய்தி வாசிப்பாளரின் மக்கள் பணியைப் பாராட்டி நற்சான்றிதழ் வழங்கவும், அவர் பதிவு செய்த வீடியோக்களைப் பாதுகாக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர் வட்டாரத்து உள்ளூர் கேபிள் சேனலில் தொடக்கத்திலிருந்து இரவுச் செய்தி வாசித்து வருபவர் இந்த மாத முடிவில் ஓய்வு பெறுகிறார். அவர் பெயரும் பணி விவரமும் இணைப்பில் உள்ளன. இந்த மனுவுக்கு அவரிடம் சம்மதமும் வாங்கிவிட்டோம். லேசில் தரவில்லை என்பது வேறு விஷயம்.

குடியரசு தினத்தன்று சிறப்பாகப் பணியாற்றிய அரசு அலுவலர்களுக்கு நற்சான்றிதழ் வழங்குகிறீர்கள். அவர்களைப் பரிந்துரைக்க அவரவர் துறை இருக்கிறது. இவருக்குத் துறை கிடையாது, சங்கமும் கிடையாது. சேனலில் ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவர் செய்தியைக் கேட்டு வந்த நாங்களே பரிந்துரைக்கிறோம்.

பெரிய சேனல்களுக்கு நீலகிரி என்றால் மே மாத மலர்க் கண்காட்சி, குளிர்காலத்தில் உறைபனி, நடுவில் ஒரு யானை. அவ்வளவுதான். இவரோ வியாழன், வெள்ளிகளில் குன்னூர் தேயிலை ஏலம் முடிந்ததும் அன்றிரவே விலை நிலவரத்தைச் சொல்லிவிடுவார். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையை இரண்டு தடவை வாசிப்பார். இரண்டாவது தடவை நிதானமாக, எழுதிக்கொள்பவர்களுக்காக. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி, மறுநாள் தொழிற்சாலையில் போய் "இந்த விலை ஏன் குறைகிறது?" என்று கேட்க அந்தத் துண்டுச் சீட்டுதான் கையில் இருந்தது.

2009 நவம்பர் மழையைத் தங்கள் அலுவலகக் கோப்புகளில் காணலாம். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. மண் சரிந்து மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. கரண்ட் இல்லாததால் சேனலும் நின்றுபோனது. இவர் வீட்டில் உட்காரவில்லை. ஒரு ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, வண்டி போகும் தூரம் வரை போய், எந்தப் பள்ளியில் முகாம் திறந்திருக்கிறது, எந்தச் சாலையில் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி போகாத லைன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு) நடந்து போனார். வருவாய்த் துறையினரிடம் கேட்டு உறுதி செய்ததை மட்டுமே சொன்னார். அணை உடைந்துவிட்டது என்று யாரோ கிளப்பிய புரளியில் ஊரே பதறியபோது, அப்படி எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எங்கள் தெருவில் பலர் வீட்டுக்குள் போனார்கள். அவலாஞ்சியில் கொட்டித் தீர்த்த 2019 ஆகஸ்ட் மழையிலும் இப்படித்தான். அப்போது சேனல் ஓடியது, 1077 என்ற பேரிடர் உதவி எண் திரையின் அடியில் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியிருப்புக்குள் கரடியோ சிறுத்தையோ வந்தால், வனத்துறையினர் போய்ச் சேரும் வரை இடத்தைச் சொல்ல மாட்டார். சொன்னால் செல்போனோடு கூட்டம் கூடிவிடும், மிரண்ட விலங்கு ஆளை அடிக்கும் என்பார். அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும் போன் போகும். முதலில் காட்டுகிற அவசரம் எல்லோருக்கும் இருக்கும் தொழிலில் இந்த அடக்கம் அபூர்வம்.

அடுத்து, அவருடைய வீடியோ கேசட்டுகள். பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா, கோத்தர்களின் கம்பட்டராயர் திருவிழா, தோடர்களின் மொற்பர்த் விழா என்று அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பல ஆண்டுகளாக எடுத்தவை. அவற்றில் பாடும் முதியவர்கள் பலர் இன்று இல்லை. நம் மலை ஈரத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. சிலவற்றில் ஏற்கெனவே பிடித்துவிட்டது.

எனவே, வரும் ஜனவரி 26 அன்று உதகையில் நடைபெறும் குடியரசு தின விழாவில் அவருக்குத் தங்கள் கையால் நற்சான்றிதழ் வழங்குமாறு வேண்டுகிறோம். செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் மூலம் அந்தக் கேசட்டுகளை கணினிப் பதிவாக மாற்றித் தர வேண்டும். கோத்தர், தோடர் விழாப் பதிவுகளின் பிரதிகளை, அந்த மக்கள் சம்மதித்தால், முத்தோரை பாலாடா பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தில் வைக்கலாம். இரண்டில் ஒன்றுதான் இப்போதைக்கு முடியும் என்றால் கேசட்டுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் அதைத்தான் சொல்கிறார்.

நன்றி.

இப்படிக்கு,
குன்னூர் வட்டப் பொதுமக்கள்

இடம்: குன்னூர்

இணைப்பு: பணி விவரம், சம்மதக் கடிதம், கேசட்டுகளின் பட்டியல், பொதுமக்கள் கையெழுத்துகள்.