பாசிக்குடாவுக்கு வாற வழி

அன்பு மகளுக்கு,

ஆகஸ்டில எல்லாரும் வாறீங்க என்று கேட்டதில இருந்து எனக்கும் அப்பாவுக்கும் பெரிய சந்தோசம். கடலும் அப்பதான் நல்லா இருக்கும். பாசிக்குடாவில கனதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணிதான், சின்னவனைப் பயமில்லாம விடலாம். மார்கழியில என்றா மழையைப் பார்த்துக்கொண்டு ரூமுக்குள்ளதான் இருந்திருப்பீங்க.

ஆனா ஒரு விசயத்தில அம்மா சொல்லுறதைக் கேளு. பின்னேரம் மூன்று மணிக்குக் கட்டுநாயக்க எயார்போட்டில இறங்கி, அன்றைக்கே வேனில ஏறி நேரா ஹோட்டலுக்கு வாற யோசனையை விடு.

ஆறு மணித்தியாலம்தானே என்று எழுதியிருக்கிறாய். வேன் ஹோட்டலில இருந்தெல்லோ வரப்போகுது. அதை ஓட்டுற பொடியன் விடியக் காலம வெளிக்கிட்டு 250 கிலோமீற்றருக்கு மேல ஓடிவந்து, வெயிலுக்க காத்து நின்று, உங்களை ஏத்திக்கொண்டு திரும்பவும் அவ்வளவு தூரம் ஓடணும். உனக்கு ஆறு மணித்தியாலம், அவனுக்குப் பன்னிரண்டு. நித்திரை தூங்காம என்ன செய்வான்?

அதோட யானை. நீங்க பெட்டி எல்லாம் எடுத்து வெளிய வர நாலரை ஆகும். ஹபரணைக்கு வரக்க நல்லா இருட்டியிருக்கும். ஆகஸ்டில மின்னேரியாக் குளம் வத்த, புல்லுத் தின்ன யானைக் கூட்டம் அந்தப் பக்கம்தான் சேரும். போன வருசம் உன்ட சித்தியைக் கூட்டிக்கொண்டு வரக்க, எங்களுக்கு முன்னால போன லொறி திடீரென்று நின்றுது. ஏனென்று விளங்கல்ல. பிறகுதான் றோட்டுக்குக் குறுக்கால ஒரு வால் ஆடுறது தெரிஞ்சது. சேறு பூசின உடம்பு, லைட் வெளிச்சம் பட்டும் மினுங்கல்ல. அப்பா ஹோன் அடிக்க வேணாம் என்று டிரைவரின்ட கையைப் பிடிச்சிட்டார். அது தானா இறங்கிக் காட்டுக்குள்ள போகும் வரைக்கும் மூச்சு விடாம இருந்தம். 2025 பெப்ரவரியில அந்தப் பக்கம் ரயில் மோதி ஒரே இரவில ஆறு யானை செத்ததையும் நீ கேள்விப்பட்டிருப்பாய்.

அதால அன்றைக்கு நீர்கொழும்பில தங்குங்க. நீர்கொழும்பு கிட்டத்தான், எயார்போட்டுக்கு உள்ளுக்கே ரக்சி கவுண்டர் இருக்கு. வெளிய வர முன்னம் அங்கேயே சிம் ஒன்று வாங்கிப் போடு. பிள்ளைகளும் குளிச்சுச் சாப்பிட்டுப் படுக்கட்டும்.

காலம ஆறு மணிக்கு வெளிக்கிட்டா வெயில் ஏற முன்னம் பாதித் தூரம் முடியும். மீரிகமவில இருந்து குருணாகல் வரைக்கும் 2022இல திறந்த அதிவேகப் பாதையில ஏறச் சொல்லு, குடுக்கிற காசு வீண்போகாது. தம்புள்ளையில இறங்கிச் சாப்பிடுங்க. ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை என்று வந்து ஓட்டமாவடிப் பாலம் தாண்டினா வாழைச்சேனை. பிறகு பத்து நிமிசம். பெரியவள் வளைவில சத்தி எடுக்கிறவள் என்று பயப்படாத, இது மலைப்பாதை இல்ல.

மருமகன் கோச்சியில, ரயிலில, வர ஆசைப்படுறார் போல. கோச்சி கல்குடா வரைக்கும் வரும், அங்க இறங்கினா ஹோட்டலுக்கு ஓட்டோ பிடிக்கலாம். ஆனா கோட்டை ஸ்டேசனில ஏற கொழும்புக்குப் போகணும், இந்தப் பெட்டிகளோடயும் பிள்ளைகளோடயும் சரிவராது. திரும்பிப் போகக்க வேணுமென்றா அவர் ஆசைக்கு அதில போங்க.

வேனுக்கு ஹோட்டல்காரர் டொலரில கேட்டதை வேணாம் என்று சொல்லிவிடு. வாழைச்சேனையில எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒருவன் ஓடுறான், நிதானமானவன். முதல்நாளே வந்து நீர்கொழும்பில படுக்கச் சொல்லுறன், அவன் தங்குற காசை அப்பா குடுப்பார். நாங்க மட்டக்களப்பில இருந்து மத்தியானத்துக்கு முன்னம் ஹோட்டலுக்கு வந்து நிற்பம். மீன்குழம்பும் இடியப்பமும் கொண்டுவாறன்.

எத்தினை பெட்டி என்றும், சின்னவனுக்கு வேனில வைக்கிற சீற் நீங்க கொண்டுவாறீங்களா என்றும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில போடு. அதைப் பார்த்துத்தான் சின்ன வேனா பெரிய வேனா என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லணும்.

அன்புடன்,
அம்மா