டூர் பஸ் எங்க பக்கமும் வரணும்: அதிகாரிகளுக்கு ஒரு மடல்

ஒரு நாள் டூர் பஸ் விடுற அதிகாரிகளுக்கு வணக்கம். வட சென்னைல எண்ணூர் கத்திவாக்கத்துலேர்ந்து எழுதுறேன்.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவ மாமல்லபுரம் கூட்டிட்டு போனேன். 68 வயசு, கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து இங்கதான், கடற்கரை கோயில இதுவரைக்கும் பாத்ததே இல்ல. உங்க பஸ் எங்க வீட்டுலேர்ந்து ரொம்ப தூரத்துலதான் கிளம்புது, காலைல ஆறரைக்கு அங்க நிக்கணும்னா நாங்க மூனரைக்கே எந்திரிக்கணும். மெட்ரோதான் 2021-லயே விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சேன்னு சொல்வீங்க, அந்த விம்கோ நகருக்கு போகவே எங்களுக்கு ஆட்டோ வேணும், ஸ்டேஷன் படி ஏற அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்காது, அதனால கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மொத்த தூரமும் ஆட்டோலயேதான் போனோம்.

வழில பாத்ரூம் எங்க இருக்குமோன்னு பயந்து அம்மா காலைலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல. கேட்டா தாகமே இல்லன்னு சொன்னாங்க. கடற்கரை கோயில பாத்தாங்க, சந்தோஷமா இருந்தாங்க, ஆனா ஐந்து ரதத்துக்கு வந்தப்போ கால் வீங்கிடுச்சு, பஸ்ஸவிட்டு எறங்கவே முடியல. ராத்திரி ஒன்பதரைக்கு கிளம்புன எடத்துலயே எறக்கி விட்டுட்டாங்க, வீடு வந்து சேர பதினொன்னு ஆச்சு. செம்பு தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சுட்டு "நல்லாத்தான்டி இருந்துச்சு, ஆனா இன்னொரு வாட்டி வேணாம்"னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நான் கேக்குறது ஒன்னே ஒன்னுதான். காலைல அந்த பஸ் திருவொற்றியூர் தேரடிக்கு வந்து எங்கள ஏத்திக்கணும், ராத்திரி அங்கயே எறக்கி விடணும்.

தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலே 1856-ல எங்க வட சென்னை ராயபுரத்துலேர்ந்துதான் கிளம்புச்சு, ஊர் சுத்தி பாக்க இன்னைக்கு நாங்க ஊரோட அந்த கடைசிக்கு போக வேண்டி இருக்கு. சாம்பல், புகை, லாரி எல்லாம் எங்க பக்கம் வருது, ஒரு டூர் பஸ் வர முடியாதா? உங்க டூர் லிஸ்ட்ட முழுசா பாத்தேன், பழவேற்காடு பேரே இல்ல. எவ்ளோ பெரிய ஏரி அது, இந்தியாவோட உப்புநீர் ஏரிகள்ல ஒடிசாவோட சிலிகா ஏரிக்கு அடுத்த பெருசு அதுதான், குளிர் காலத்துல பூநாரைங்க வந்து நிக்கும், டச்சுக்காரங்க 1613-ல கட்டுன கோட்டை இடிஞ்சு போனாலும் அவங்க கல்லறைங்க இன்னும் நிக்குது. எங்களுக்கு மீஞ்சூர், பொன்னேரி தாண்டுனா வந்துடும். பள்ளிக்கூட பசங்கள கூட்டிட்டு போய் காட்ட வேண்டிய எடம்ங்க அது.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பழவேற்காட்ட அப்புறம்கூட யோசிங்க. முதல்ல தேரடில ஒரு ஸ்டாப் குடுங்க, தினமும் வேணாம், ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தாலே போதும். எங்க தெருவுலயே பதினோரு பேர் டிக்கெட் எடுக்க ரெடியா இருக்காங்க, அதுல எட்டு பேர் அம்மா வயசுக்காரங்க. தயவு செஞ்சு பாருங்க.

இப்படிக்கு,
கத்திவாக்கத்துலேர்ந்து ஒரு மக