சுருசுருன்னு ஊறுறது ரத்த ஓட்டம் இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஜிம்முக்குப் போற பசங்க குடிக்கிற ப்ரீ ஒர்க்கவுட் பவுடர் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். விலை, விளம்பரம் எல்லாம் விலாவாரியா எழுதினவரு, ரத்த ஓட்டத்தை ஏத்துதுன்னு டப்பாவுல போட்டிருக்கே அது நிஜமாங்கிறதை மட்டும் தொடவே இல்ல. மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிற என்கிட்ட எல்லாரும் கேக்குறது அதைத்தான்.

குடிச்ச கொஞ்ச நேரத்துல காது, மூஞ்சி, கையெல்லாம் சுருசுருன்னு ஊறும், உடனே "அண்ணே ரத்தம் பாயுதுண்ணே"ம்பானுங்க. அது பவுடர்ல இருக்கிற பீட்டா அலனின்ங்கிற அமினோ அமிலம் தோல் நரம்பைத் தூண்டுற வேலை, ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. நிஜமா ரத்தக்குழாயை விரிக்கிறது நைட்ரிக் ஆக்சைடு, அது உடம்புக்குள்ள சேதி சொல்ற வாயுன்னு கண்டுபிடிச்சதுக்கு 1998ல 3 பேருக்கு நோபல் குடுத்தாங்க, அதுலேருந்து பவுடர் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்தான். உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது ஆர்ஜினைன்ங்கிற அமினோ அமிலத்துலேருந்து, அதான் அதை பவுடர்ல போடுறாங்க, ஆனா வாய்வழியா சாப்பிட்டா நிறைய பங்கு குடல்லயும் ஈரல்லயுமே உடைஞ்சு போயிடுது. சிட்ருலின்ங்கிற இன்னொரு அமினோ அமிலம் பரவால்ல, கிட்னியில போய் ஆர்ஜினைனா மாறுது, ஆனா அதனால ஓடுற திறனோ தூக்குற வெயிட்டோ கூடுதான்னு பாத்தா ஆராய்ச்சி முடிவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல.

கொஞ்சம் உருப்படியான ஆதாரம் இருக்கிறது நம்ம பீட்ரூட்டுக்குத்தான், அதுல இருக்கிற நைட்ரேட்ங்கிற உப்பு உடம்புக்குள்ள நைட்ரிக் ஆக்சைடா மாறுது. 2009ல இங்கிலாந்து எக்ஸீட்டர் யுனிவர்சிட்டியில தினம் அரை லிட்டர் ஜூஸ்னு 6 நாள் குடுத்தப்ப, கடுமையா சைக்கிள் மிதிக்கிறப்ப ஓஞ்சு போற நேரம் 16 சதவீதம் தள்ளிப் போச்சு, ஆனா அது 8 பேரை வச்சுப் பாத்ததுதான். அப்புறம் 2018ல ஒலிம்பிக் கமிட்டியோட அறிக்கையிலயும் நைட்ரேட்டை ஆதாரமுள்ள லிஸ்ட்ல சேத்தாங்க. எக்சர்சைஸுக்கு 2, 3 மணி நேரம் முன்னாடி குடிக்கணும், ஏற்கனவே நல்லா ட்ரெயினிங் எடுத்த வீரர்களுக்கு பலன் கம்மி. இன்னொண்ணு, நைட்ரேட்டை அப்படி மாத்துற வேலையை ஆரம்பிக்கிறது நாக்குல இருக்கிற பாக்டீரியா, கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சுட்டு ஜூஸ் குடிச்சா காசு வேஸ்ட். (மறுநாள் பாத்ரூம்ல சிவப்பா போனா பதறாதீங்க, சில பேருக்கு அப்படித்தான்.) கிட்னி கல்லு இருக்கிறவங்க மட்டும் தள்ளியே இருங்க, கல்லு உருவாக்குற ஆக்சலேட்ங்கிற உப்பு பீட்ரூட்ல அதிகம்.

நான் லெட்டர் போட்டதே இதுக்குத்தான்: இப்பல்லாம் 50 வயசு தாண்டினவங்களும் மகன் வாங்கி வச்ச டப்பாவுலேருந்து ஒரு ஸ்பூன் போட்டுக்கிட்டு வாக்கிங் போறாங்க. 2006ல வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒண்ணுல ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு ஆர்ஜினைன் குடுத்தாங்க, அந்த குரூப்ல 6 பேர் இறந்துட்டாங்க, வெத்து மாத்திரை குடுத்த குரூப்ல ஒருத்தரும் இல்ல, பயந்து போய் நடுவுலயே புது ஆள் சேக்குறதை நிறுத்திட்டாங்க. பிபி மாத்திரை, நாக்குக்கு அடியில வைக்கிற நெஞ்சுவலி மாத்திரை எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இந்தப் பவுடர் பக்கமே போகக்கூடாது, பிரஷர் தடால்னு இறங்கிடலாம்.

அடுத்த இதழ்ல இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது கட்டம் கட்டிப் போடுங்க சார், எழுத்தைக் கொஞ்சம் பெருசா போட்டீங்கன்னா கண்ணாடி போட்டவங்களும் படிப்பாங்க.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப்காரர் ஒருத்தர், ஈரோடு