அந்தப் போர்டைக் கழற்றுங்கள்: அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட்டர்களே, பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களே,

வணக்கம். நானும் என் மனைவியும் எச்1பி என்ற வேலை விசாவில் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறோம். 2025 செப்டம்பர் 19 அன்று எச்1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது மனைவி திருச்சியில் இருந்தார், அவருடைய அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக. ‘உடனே திரும்பி வரச் சொல்லுங்கள்’ என்று கம்பெனி வக்கீலிடமிருந்து மெயில். கண்ணில் கட்டோடு மாமா வாசல் வரை வந்து வழியனுப்பினாராம். மறுநாள், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று விளக்கம் வந்தது. அப்போது மனைவி துபாய் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று தூக்கம் வராமல் உங்கள் சட்டத் தொகுப்பில் குடியேற்றம் பற்றிய டைட்டில் 8-ஐப் புரட்டினேன். அதில் 7-ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘சீனர்களை விலக்குதல்’. கீழே பிரிவுகள் எதுவும் உயிரோடு இல்லை, ரத்து என்ற குறிப்புகள்தான். கடையைக் காலி செய்து 80 வருடங்கள் ஆகிவிட்டன, போர்டு மட்டும் தொங்குகிறது. அதைக் கழற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882 சட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும், உங்கள் அவைகள் எழுதியதுதான். நான் ஒருவரை மட்டும் நினைவூட்டுகிறேன். சே சான் பிங். 1875 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த சீனத் தொழிலாளி. 1887-இல் ஊருக்குக் கிளம்பும்போது, திரும்பி வரலாம் என்று உங்கள் அரசு கொடுத்த சான்றிதழைக் கையோடு கொண்டுபோனார். மறு வருடம் செப்டம்பரில் ஹாங்காங்கில் பெல்ஜிக் என்ற கப்பலில் ஏறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது, அக்டோபர் 1 அன்று, அந்தச் சான்றிதழ்கள் இனிச் செல்லாது என்ற ஸ்காட் சட்டம் கையெழுத்தானது. ஏறத்தாழ 20,000 சான்றிதழ்கள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தவரைக் கரையில் கால் வைக்க விடவில்லை. அவர் செய்த தப்பு என்ன? கப்பல் மெதுவாக வந்ததுதான். 1889-இல் உச்ச நீதிமன்றமும், நாட்டுக்குள் யாரை விடுவது என்பது அரசின் இஷ்டம் என்று சொல்லிக் கைவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு நடந்ததை அவருக்கு நடந்ததோடு ஒப்பிட மாட்டேன். என் மனைவி வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த இரவில் அந்தக் கப்பலை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1943-இல், போரில் சீனா உங்கள் பக்கம் நின்றபோது, விலக்குச் சட்டத்தை ரத்து செய்தீர்கள். பெரிய மனதுதான். கூடவே சீனர்களுக்கு ஆண்டுக்கு 105 பேர் என்று அளவும் வைத்தீர்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். அப்புறம் 2011-இல் செனட்டும் 2012-இல் பிரதிநிதிகள் அவையும் வருத்தம் தெரிவித்தன. அந்தத் தீர்மானங்களிலும், இதை வைத்து யாரும் அரசிடம் எந்தக் கோரிக்கையும் எழுப்ப முடியாது என்று ஜாக்கிரதையாக ஒரு வரி! இன்றைக்கு கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்கிறீர்கள். இந்தியாவில் பிறந்த நாங்கள் வரிசையிலேயே நரைக்கிறோம்.

சரி, அது வேறு வழக்கு. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்டை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். வரலாற்றுக்கு, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் அருங்காட்சியகம் இருக்கிறது. சீனர்களைப் பூட்டிவைத்த அறைகளின் சுவரில் அவர்கள் செதுக்கிய கவிதைகள் அங்கே அப்படியே இருக்கின்றன. ரத்தான சட்டத்தின் பெயர் நடப்புச் சட்டத் தொகுப்பில் எதற்கு?

செலவில்லாத வேலை. 7-ஆம் அத்தியாயத்தின் தலைப்பை நீக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஒழுங்காக வரி கட்டும், ஓட்டு இல்லாத ஒரு தமிழன்

பி.கு.: அடுத்துள்ள 8-ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘கூலி வியாபாரம்’. கூலி என்ற சொல்லை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அங்கேயும் பிரிவுகள் காலிதான். இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டால் இன்னொரு மடல் எழுதும் வேலை எனக்கு மிச்சம்.