கோட்டை வாசல் படம்: ஆண்டு தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில் வேலூர்க் கோட்டை வாசலின் கறுப்பு வெள்ளைப் படத்தை ‘1960களில்’ என்று போட்டிருந்தீர்கள். ‘அந்த வேலூர் இனி வருமா’ என்று வாசகர்கள் உருகிய கடிதங்களும் அடுத்த இதழில் வந்தன. ஏக்கம் இருக்கட்டும், ஆண்டு தவறு.

படத்தின் இடது ஓரத்தில் தேங்காய், பூ, கற்பூரம் அடுக்கிய அர்ச்சனைத் தட்டுக் கடை இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறை பல தலைமுறைகளாகச் சாமி இல்லாமல் கிடந்தது. லிங்கம் மறுபடி உள்ளே வந்தது 1981 மார்ச்சில்தான். அதற்கு முன் அர்ச்சனைத் தட்டை யாரிடம் விற்பது? கடையை ஒட்டிய பலகையில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்றிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம். பழைய வட ஆற்காட்டைப் பிரித்து அந்தப் பெயர் வைத்தது 1989 செப்டம்பரில். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அது வேலூர் மாவட்டம் ஆகிவிட்டது. படம் அந்த இடைவெளியில் எடுத்ததுதான்.

கறுப்பு வெள்ளை என்பதால் ‘பழசு’ என்று நினைத்திருப்பீர்கள். கலர் வந்த பிறகும் ஸ்டுடியோக்களில் அது வெகுகாலம் ஓடியது. பலகை எழுத்தும் ஏமாற்றும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெயிண்டர்கள் துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’யை விடவில்லை. வண்டி நம்பர் அப்படியல்ல: டி.என். 23 என்ற வேலூர் வரிசை தெரிந்தால் எந்தப் படமும் 1989க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. வேலூர் மக்கான் சந்திப்பைக் காட்டும் படத்தில் 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் இல்லையென்றால் அது 1998க்கு முந்தியது. கண்ணாடித் தட்டில் எடுத்த மிகப் பழைய படங்களில் தெரு வெறிச்சோடியிருப்பதை நம்பிப் பெருமூச்சு விட வேண்டாம். பல வினாடி லென்ஸைத் திறந்து வைத்தால் நடக்கிற ஆளும் ஓடுகிற வண்டியும் பதியாது.

உருகியவர்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் படங்கள் இருக்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் தளத்தை ஒட்டிய பரண்தான் படத்துக்கு முதல் எமன். ஐப்பசி மழை ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிச் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். முதலில் கண்ணாடியோடே நகல் எடுங்கள். ஒட்டும் பக்க ஆல்பத்தில் பசை மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும். அதிலிருந்து எடுக்க, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து வர வேண்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டுப் பசையைத் திரும்பப் பிரிக்க முடியாது.

நகலுக்கு ஸ்கேனரே மேல்: அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தீப்பெட்டி அளவுக்கு 1200. கறுப்பு வெள்ளையானாலும் கலரில் எடுத்தால்தான் கறையும் பழுப்பும் பிரிந்து தெரியும். செல்போன்தான் இருக்கிறதென்றால், நேர் வெயில் படாத திண்ணையில் படத்தைக் கிடத்தி, ஃபிளாஷை அணைத்து, சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டப் போனால் ஓரங்கள் வளையும். பளபளப்பு விழுந்தால் போனுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியைப் பிடித்தால் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள்.

பின்பக்கத்தையும் நகல் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் யாரோ கிறுக்கிய தேதியும் அங்கேதான் இருக்கும். நீங்கள் ஏதாவது குறிப்பதானால் 2பி பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கத்தில் புடைக்கும். பிறகு அமிலமில்லாத தாள் உறையில் இட்டு, பீரோவின் நடுத்தட்டில் வைக்கலாம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைக் கூடவே போடாதீர்கள்.

இனி வாசகர் அனுப்பும் பழைய படத்தை வெளியிடும்போது, அதன் பின்பக்கத்தையும் ஒரு மூலையில் சிறிதாக அச்சிட்டு, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்