முதியவர்களின் முதுகுவலி: தசையையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அறுபதைக் கடந்த ஆண்கள் முதுகுவலி என்று மருத்துவரிடம் போனால், எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேய்மானம் என்று சொல்லி, வலி மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் எழுதிக்கொடுத்து, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிடுவதைப் பலமுறை பார்க்கிறேன். தேய்மானம் பொய்யன்று. ஆனால் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான தொகுப்புக் கட்டுரையின்படி, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முதுகுத்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் இருக்கிறது. படத்தில் தெரிவதே வலிக்கு முழுக் காரணம் என்று எப்படி முடிவு கட்டுவது?

வலிக்குக் காரணமாகக்கூடிய, ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத ஒன்று தசை இழப்பு. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறையும் தசை, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் கரைகிறது. நம் பழைய வீடுகளில் திண்ணைப் படிக்குக் கைப்பிடி கிடையாது. முகப்புக்குள் நுழையும் பெரியவர் வாசல் நிலையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகாலைத் தூக்கி வைக்குமுன் சற்று நின்றுவிடுகிறார். வேட்டியை மடித்துக் கட்டினால் கெண்டைக்கால் சூம்பியிருப்பது தெரியும். வயசாகிவிட்டது என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து பேசும் மகன், "அப்பச்சி, பேசாமப் படுத்திருங்க" என்கிறான். அன்புதான், ஆனால் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் அவர்களின் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது.

சாப்பாடும் இதில் சேரும். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள்; இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்பவருக்கு அந்த வேளையில் நான்கைந்து கிராம் கிடைத்தால் அதிகம். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் நம் அடுப்படியில் இருப்பவைதாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது ஆகியவை தாமதத்துக்கு இடம் தராதவை. காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தாலும் விரைவில் பரிசோதிக்க வேண்டும்; ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவுவதும் உண்டு.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தசை இழப்பைச் சந்தேகிக்கலாம் என்று 2019-இல் ஆசிய வல்லுநர் குழு வகுத்திருக்கிறது. இதற்கு நாற்காலியும் கடிகாரமும் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இரத்த அழுத்தம், சர்க்கரையோடு இதையும் பார்த்து, தேறாதவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வாயிலாகத் தசை வலுவூட்டும் பயிற்சி தர மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை.