இமயமலைக் காடுகளின் கார்பன் கணக்கு: சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்தியச் சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகத்தின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

காடுகள், மரங்கள் வழியாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான கூடுதல் கார்பனை 2030ஆம் ஆண்டுக்குள் சேமிப்பதாகப் பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் இந்தியா வாக்களித்திருக்கிறது. இதற்காகப் புதிதாக எங்கே மரம் நடலாம் என்று தேடுவதில் உள்ள அக்கறை, ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கார்பனைக் கலையாமல் காப்பதில் இல்லை என்பதே என் முறையீடு. உத்தராகண்ட் மலைகளில் வளரும் பாஞ்ச் ஓக், தேவதாரு மரங்களின் காடுகளை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

நாட்டுக் காடுகளின் கார்பன் இருப்பை 720.4 கோடி டன் என்று இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்டது மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஹெக்டேர் அளவில் பார்த்தால் ஜம்மு காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், சிக்கிம் ஆகிய இமயமலைப் பகுதிகளே முன்னணியில் நிற்கின்றன. குளிர் நீடிக்கும் உயரங்களில் உதிர்ந்த இலையும் விழுந்த கிளையும் மிக மெதுவாகவே மட்கும். ஆகவே, பல தலைமுறைக் காலச் சருகு கருமையான மேல்மண்ணாகத் தங்கிவிடுகிறது.

ஆனால் எல்லா மலைக்காடும் ஒன்றல்ல. பாஞ்ச் ஓக்கின் அடியில் மண் ஈரமாகவும் தடிப்பாகவும் இருக்கும். ஊற்றுகள் வற்றாமலிருக்க இந்தக் காடே காரணம் என்று மலைக்கிராமத்தார் சொல்வது வழக்கம். அதே சரிவில் சிர் பைன் பரவிவிட்டால், 'பிருல்' என்று அவர்கள் அழைக்கும் ஊசியிலைகள் காய்ந்து குவிந்து, கோடையில் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கின்றன. தீ சருகை எரித்து அதிலிருந்த கார்பனைக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. மூடாக்கு இழந்த மேல்மண்ணை அடுத்து வரும் பருவமழை அரித்துச் செல்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் 10 விழுக்காட்டை மூடும் மரக்கிளை விதானம் இருந்தால் போதும், அது வனப்பரப்பு என்பது அறிக்கையின் வரையறை. அந்த வரையறைக்கு ஓக்கும் ஒன்றுதான், பைனும் ஒன்றுதான், ஏன், மாந்தோப்பும் ஒன்றுதான்.

இந்த வேறுபாடின்மை, காட்டு நிலத்தைத் திட்டங்களுக்கு விடும் வன அனுமதிக் கோப்புகளில் பெரும் பிழையாகிறது. பாகீரதிப் பள்ளத்தாக்கில் கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரையிலான பகுதியை 2012இல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது இதே அமைச்சகம்தான். இன்று அங்கே சாலை அகலப்படுத்தலுக்காகத் தேவதாருக்கள் கணக்கெடுக்கப்படுகின்றன. அழியும் காட்டின் பயன்களுக்கு ஈடாக வசூலிக்கப்படும் 'நிகர நடப்பு மதிப்பு' என்ற தொகையில் கார்பனுக்கும் பங்குண்டு என்பதை அறிவேன். எனினும், அத்தொகை காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் பொதுவாக வகுக்கப்பட்டதே அன்றி, குறிப்பிட்ட சரிவின் வயதையும் மண்ணின் ஆழத்தையும் அளந்து வந்ததன்று. இழந்த காட்டுக்குப் பதிலாக வேறிடத்தில் மரம் நடும் ஈடுசெய் காடு வளர்ப்பில் நடப்படும் கன்று தேவதாருவின் பருமனை எட்டவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும், அதுவும் பிழைத்தால். கிரேட் நிக்கோபாரின் மழைக்காட்டுக்கு ஈடு ஹரியானாவில் தேடப்படும் நாட்டில், இமயத்துக்கான ஈடு எந்தச் சமவெளியில் அமையுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023ஆம் ஆண்டு வந்த திருத்தம், பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு முக்கியத்துவமுடைய சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு வன அனுமதியிலிருந்தே விலக்களித்தது. சீனாவோடும் நேபாளத்தோடும் எல்லையைப் பகிரும் உத்தராகண்டின் மலைப்பகுதியில் பெரும்பங்கு இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். எல்லைக்குச் சாலை வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. விலக்குப் பெற்ற திட்டமாயினும், மரம் வெட்டுவதற்கு முன் அந்நிலத்தின் மண், சருகு, வேர், பட்ட மரம் ஆகியவற்றிலுள்ள கார்பனைக் களத்தில் அளந்து, இழப்பை நாட்டின் கணக்கில் கழித்துக் காட்ட வேண்டும் என்று கோருகிறேன்.

வன ஆய்வு அறிக்கையில் முதிர்ந்த மிதவெப்ப மலைக்காடுகளுக்குத் தனி வகைப்பாடும் தேவை. 1931ஆம் ஆண்டு விதிகளிலிருந்து தொடங்கி இன்று பத்தாயிரத்துக்கும் மேலாகப் பெருகியுள்ள வன் பஞ்சாயத்துகளிடம் (கிராமத்தாரே காட்டை நிர்வகிக்கும் மன்றங்கள்), ஓக் காடுகளைத் தீயிலிருந்து காக்கவும் பிருலை அகற்றவும் ஈடுசெய் நிதியிலிருந்து ஆண்டுதோறும், தீக்காலம் தொடங்குமுன், நேரடியாகப் பணம் சேர வேண்டும். ஏப்ரலில் தீப்பிடித்த பிறகு வந்து சேரும் ஒதுக்கீட்டால் அவர்களுக்குப் பயனில்லை.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு குடிமகன்